சர்வரின் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று கண்காணிப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். கிண்டி தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் கணினிகளை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். அலுவலகத்திலேயே சொந்த மின்னஞ்சல் சர்வர் ஓடுகிறது. கோயம்புத்தூர் வாடிக்கையாளருக்கு அனுப்பிய விலைப்புள்ளி திரும்பி வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் இணையத்தில் ஒரு சோதனைப் பக்கத்தைக் காட்டினார். அதில் ஏறத்தாழ நூறு கறுப்புப் பட்டியல்கள், அதாவது ஸ்பாம் (கேட்காமல் வந்து விழும் மின்னஞ்சல்) அனுப்புவதாகச் சந்தேகிக்கப்படும் முகவரிகளின் தொகுப்புகள். உங்கள் முகவரிக்கு எதிரே மூன்றில் சிவப்பு. இதைத் தினமும் காலையில் பார்ப்பதா, மாதச் சந்தா கட்டி யாரிடமாவது ஒப்படைப்பதா, அந்த மூன்று சிவப்பையும் எப்படி நீக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அந்த மூன்று சிவப்பையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். திரும்பி வந்த விலைப்புள்ளியைத் திறந்து, கீழே புரியாத மொழியில் இருப்பது போலத் தோன்றும் அந்த நாலு வரியைப் படியுங்கள். 550 அல்லது 554 என்ற எண்ணில் ஒரு வரி தொடங்கும். எந்தப் பட்டியலைப் பார்த்துத் திருப்பி அனுப்பினோம் என்பதை எதிர்முனைச் சர்வர் பெரும்பாலும் அதிலேயே எழுதிவிடும். விவரம் பார்க்க ஓர் இணைப்பும் இருக்கும். அதில் உள்ள பெயர் உங்கள் மூன்று சிவப்புகளில் ஒன்றாக இல்லாவிட்டால், அந்த மூன்றுக்கும் உங்கள் விலைப்புள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இது புரிய வேண்டுமானால் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டியல் யாருடைய மின்னஞ்சலையும் தடுப்பதில்லை. தடுப்பது, அந்தப் பட்டியலைக் கேட்டு நடக்கும் எதிர்முனைச் சர்வர். கேட்பதற்கான வழி, இணையப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தர நாம் அன்றாடம் பயன்படுத்தும் அதே டிஎன்எஸ். 1997இல் பால் விக்ஸி தொடங்கிய பட்டியல்தான் இந்த வகைக்கு முன்னோடி. இன்று எல்லாரும் பின்பற்றும் முறையை 2010இல் ஆர்எஃப்சி 5782 என்ற ஆவணமாக எழுதி வைத்தார்கள். உங்கள் முகவரி 192.0.2.25 என்று வைத்துக்கொள்வோம். அதைத் தலைகீழாக 25.2.0.192 என்று திருப்பி, பின்னால் பட்டியலின் பெயரை ஒட்டி, அப்படி ஒரு டொமைன் இருக்கிறதா என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்க வேண்டும். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தால் நீங்கள் பட்டியலில் இல்லை. 127.0.0 என்று தொடங்கும் ஒரு முகவரி பதிலாக வந்தால் இருக்கிறீர்கள். அதே பெயருக்கு டெக்ஸ்ட் பதிவைக் கேட்டால் காரணத்தையும் சொல்லும். இவ்வளவுதான் அந்தச் சோதனைப் பக்கத்தின் ரகசியம். நூறு பட்டியலுக்கும் இந்தக் கேள்வியை நூறு முறை கேட்டு, வந்த பதில்களுக்குப் பச்சை, சிவப்புப் பூசுகிறது.

ஆக, எத்தனை சிவப்பு என்பது முக்கியமல்ல. உங்கள் வாடிக்கையாளர்களின் சர்வர்கள் எந்தப் பட்டியலைக் கேட்கின்றன என்பதுதான் முக்கியம். யாரும் கேட்காத பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

என் கணக்கில் ஓர் அலுவலகச் சர்வருக்கு நான்கு பட்டியல்கள் போதும். ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பின் ஜென் பட்டியல் கட்டாயம். அடுத்து ஸ்பாம்காப், பாரகூடா. வேண்டுமானால் பிஎஸ்பிஎல். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கும் முன் சர்வர் தன் வேலைகளை எழுதி வைக்கும் லாக் கோப்பில் அதன் பெயர் ஒரு முறையாவது வந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பேன். யூசிபுரொடெக்ட் என்ற பட்டியலின் மூன்றாம் நிலை பலரையும் பயமுறுத்தும். அது தனி முகவரியைக் குறிப்பதில்லை. உங்கள் இணைய நிறுவனத்தின் வலையமைப்பை முழுதாகச் சேர்த்துவிடும். அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ உள்ள டேட்டா சென்டரில் வாடகைச் சர்வர் எடுத்திருந்தால், முகம் தெரியாத அண்டை வீட்டுக்காரர் செய்த குற்றத்துக்கு உங்கள் வாசலிலும் சிவப்பு விழும். பணம் கட்டினால் சீக்கிரம் நீக்குகிறோம் என்றும் சொல்வார்கள். கட்டாதீர்கள். அதன் முதல் நிலையில் தனி முகவரியாக நீங்கள் வந்திருந்தால் மட்டும் காரணம் தேடுங்கள். ஸ்பாம் நின்று ஏழு நாளானால் அந்தப் பதிவு தானாக உதிர்ந்துவிடும்.

ஜென் ஒரே பட்டியல் அல்ல, பலவற்றின் கூட்டு. பதிலின் கடைசி எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. 127.0.0.2 வந்தால் எஸ்பிஎல்: மனிதர்கள் விசாரித்துச் சேர்த்தது, அதை நீக்கச் சொல்லி உங்கள் இணைய நிறுவனம்தான் கேட்க வேண்டும். 3 வந்தால் சிஎஸ்எஸ்: உங்கள் சர்வரிலிருந்து போகும் மின்னஞ்சலின் தரத்தைப் பார்த்து இயந்திரமே சேர்த்தது. 4 வந்தால் எக்ஸ்பிஎல்: அந்த முகவரிக்குப் பின்னால் ஏதோ ஒரு கணினி நோய்ப்பட்டிருக்கிறது. 10, 11 இரண்டும் பிபிஎல். ஒரே கேள்விக்கு இரண்டு மூன்று பதில் சேர்ந்தும் வரும், முதல் பதிலோடு நிறுத்திவிடாதீர்கள்.

பிபிஎல் என்றால் பதற வேண்டாம், அது குற்றப் பத்திரிகை அல்ல. வீட்டு பிராட்பேண்ட் முகவரிகளைப் போல, நேரடியாக மின்னஞ்சல் அனுப்பக் கூடாதவை என்று ஒதுக்கிய முகவரிகளின் தொகுப்பு. பல சமயம் இணைய நிறுவனமே தன் முகவரிகளைத் தானாக முன்வந்து ஒப்படைத்திருக்கும். சென்னையில் சிறு அலுவலகங்களில் நான் பார்க்கும் சிக்கல்களில் பாதி இதுதான். நிலையான ஐபி வாங்கியிருப்பார்கள், ஆனால் அந்த முகவரிக்கு பிடிஆர் பதிவு (ஐபியைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) இருக்காது. அல்லது இணைய நிறுவனம் தானாக வைத்த, எண்கள் நிறைந்த ஒரு பெயர் இருக்கும். முதலில் உங்கள் சர்வரின் பெயருக்கே பிடிஆர் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பெயரை மீண்டும் தேடினால் அதே ஐபி வர வேண்டும். ஹெலோவில், அதாவது மின்னஞ்சலைக் கொடுக்கும் முன் எதிர்முனையிடம், சர்வர் சொல்லிக்கொள்ளும் பெயரும் அதுவாகவே இருக்கட்டும். அதன் பிறகு பிபிஎல்லிலிருந்து நீக்கக் கேட்கலாம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பிடிஆர் என்றால் பிடிஎஃப் என்று காதில் வாங்கிக்கொள்வார்கள். எழுத்தில் கேளுங்கள்.

இனி கண்காணிப்பு. இதில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்கு இரண்டு இரவுத் தூக்கம் மிச்சமாகும்.

பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு சிறு நிரல் எழுதி, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரானில் போட்டு, மணிக்கு ஒரு முறை ஓட விட்டேன். அதன் அறிவு ஒரே வரி: பதில் வந்தால் அலாரம், வராவிட்டால் அமைதி. ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஸ்பாம்ஹாஸில் விழுந்துவிட்டதாகக் கைப்பேசி அலறியது. மேற்கு மாம்பலத்து வீட்டு மாடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்து விடியும்வரை லாக் கோப்புகளைக் குடைந்தேன். ஒன்றும் இல்லை. ஒரு மின்னஞ்சல்கூடத் திரும்பவில்லை. விடிந்த பிறகுதான் பதிலின் எண்ணைக் கண்ணால் பார்த்தேன்: 127.255.255.254. நீ பொது ரிசால்வர் வழியாகக் கேட்கிறாய், உனக்குப் பதில் இல்லை என்று அதற்குப் பொருள். ரிசால்வர் என்பது டிஎன்எஸ் கேள்விகளுக்கு நமக்காக விடை தேடித் தரும் சர்வர். முந்தின நாள் மாலை டிஎன்எஸ் வேகமாக இருக்கட்டும் என்று கூகுளின் பொது ரிசால்வரான 8.8.8.8க்கு மாற்றியவன் நானேதான்.

ஆகவே முதல் வேலை, கண்காணிக்கும் கணினியிலேயே சொந்தமாக ஒரு ரிசால்வர் நிறுவுங்கள். அன்பவுண்ட் என்ற மென்பொருள் இலவசம், அரை மணி நேர வேலை. பொது ரிசால்வர் வழியாக ஸ்பாம்ஹாஸைக் கேட்க முடியாது. இணைய நிறுவனங்களின் பெரிய ரிசால்வர்களுக்கும் அதே கதி நேரலாம். பாரகூடாவில் கேட்கும் ரிசால்வரின் முகவரியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது, நிரல் பதிலின் எண்ணைப் படிக்க வேண்டும். 127.255.255 என்று தொடங்குவது எதுவும் உங்கள் முகவரியைப் பற்றிய செய்தியே அல்ல: 252 என்று முடிந்தால் பட்டியலின் பெயரைத் தவறாகத் தட்டியிருக்கிறீர்கள், 255 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள். இவற்றுக்கு நிரலைத் திருத்த வேண்டும், நள்ளிரவில் எழுந்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பட்டியல் உயிரோடு இருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். இதற்கு ஆர்எஃப்சியிலேயே அழகான ஏற்பாடு ஒன்று உண்டு. 127.0.0.2 என்ற முகவரி எல்லாப் பட்டியலிலும் எப்போதும் இருக்க வேண்டும், 127.0.0.1 ஒருபோதும் இருக்கக் கூடாது. உங்கள் சொந்த முகவரியைக் கேட்கும் முன் இந்த இரண்டையும் கேளுங்கள். முதலாவது இல்லை என்று வந்தால் உங்கள் கேள்வி பட்டியலை எட்டவே இல்லை, அந்தப் பச்சையை நம்பாதீர்கள். இரண்டாவது இருக்கிறது என்று வந்தால் பட்டியலுக்கே ஏதோ ஆகிவிட்டது.

இதை வெறும் எச்சரிக்கையாக நினைக்க வேண்டாம், நடந்திருக்கிறது. ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பிறகும் பலர் தங்கள் சர்வரிலிருந்து அந்தப் பெயரை நீக்கவில்லை. 2008 மார்ச்சில் அது கேட்ட முகவரிக்கெல்லாம் ஆமாம் என்று சொல்லத் தொடங்கியது. நீக்காமல் வைத்திருந்தவர்களின் சர்வர்கள் தமக்கு வந்த மின்னஞ்சல் அனைத்தையும் விரட்டி அடித்தன. 2021 ஜனவரி கடைசியில் ஸ்பாம்காப்பின் டொமைனைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். காலாவதியான டொமைனுக்கு எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு முகவரி பதிலாக வரும் அல்லவா? உலகத்தில் உள்ள ஐபிக்கள் எல்லாம் ஒரு பொழுது ஸ்பாம் அனுப்புபவை ஆகிவிட்டன. சிஸ்கோ போன்ற பெரிய நிறுவனத்தின் கையில் இருந்த பட்டியலுக்கே அந்த நிலை. 2024 ஜூனில் சார்ப்ஸ் மூடப்பட்டது. இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நிரல்களை நான் பார்க்கிறேன். அந்த நூறு பட்டியல் பக்கத்தில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று ஒரு நாள் சாவகாசமாக எண்ணிப் பாருங்கள்.

மணிக்கு ஒரு முறை கேட்டால் போதும். ஒரு முறை சிவப்பு வந்ததும் கூவாமல், பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டு கூவட்டும். ஸ்பாம்ஹாஸின் இலவசச் சேவை சிறிய பயன்பாட்டுக்கு மட்டுமே, நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். இன்னொன்று, கேலியாகத் தோன்றும், ஆனால் பல இடங்களில் பார்த்துவிட்டேன்: அந்த எச்சரிக்கையை அதே சர்வர் வழியாக மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். தபால்காரர் வருவதில்லை என்று தபாலில் புகார் எழுதுவது போல ஆகிவிடும். எஸ்எம்எஸ்ஸோ டெலிகிராமோ வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வருக்கு ஐபிவி6 முகவரியும் இருந்தால் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அங்கே ஸ்பாம்ஹாஸ் தனி முகவரியாகப் பட்டியலிடுவதில்லை. 64 பிட் முன்னொட்டு முழுவதையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அதைப் பற்றிக் கவலைப்பட நேரம் இல்லாவிட்டால் ஐபிவி4 வழியாக மட்டும் அனுப்பும்படி மின்னஞ்சல் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸைக் கட்டிப் போடலாம். நான் பல இடங்களில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும், பட்டியல் காலம் தாழ்த்தித்தான் பேசும். உங்கள் சர்வர் ஸ்பாம் அனுப்பி, அது ஸ்பாமைப் பிடிக்கவே யாரோ வைத்த பொறி முகவரியில் விழுந்து, அவர்கள் பட்டியலில் ஏற்றி, உங்கள் நிரல் அதைக் கேட்டுச் சொல்வதற்குள் வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டிருக்கும். அனுப்பக் காத்திருக்கும் மின்னஞ்சல்களின் வரிசையும் லாக் கோப்பும் அதற்கு வெகு முன்பே சொல்லிவிடும். ஒவ்வொரு கணக்கிலிருந்தும் மணிக்கு எத்தனை மின்னஞ்சல் போகிறது, வரிசையில் எத்தனை தேங்கி நிற்கிறது, 5 என்று தொடங்கும் மறுப்பு எத்தனை: இந்த மூன்று எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். பகலில் பத்து இருபது அனுப்பும் கணக்கு ஞாயிறு இரவில் நூற்றுக்கணக்கில் அனுப்பினால், எந்தப் பட்டியலையும் கேட்கத் தேவையில்லை. கணக்குக்கு மணி நேர வரம்பு வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

அம்பத்தூரில் ஓர் அச்சகத்தில் நடந்தது இது. ஸ்கேனர் இயந்திரம் பக்கங்களை மின்னஞ்சலில் அனுப்புவதற்காக எப்போதோ ஒரு கணக்கு திறந்திருக்கிறார்கள். கணக்கின் பெயரே கடவுச்சொல். இயந்திரத்தைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டார்கள், கணக்கு மட்டும் உயிரோடு இருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு யாரோ அதைக் கண்டுபிடித்து ஆயிரக்கணக்கில் அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை சிஎஸ்எஸ்ஸில் முகவரி. அங்கே இருந்த பையன் கெட்டிக்காரன்தான், கடவுச்சொல்லை மாற்றினான், ஸ்பாம்ஹாஸின் பக்கத்துக்குப் போய் நீக்கச் சொல்லிக் கேட்டான், நீக்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மறுபடி பட்டியலில். என்னை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் வரிசையில் அந்த ஸ்பாமின் மிச்சம் அப்படியே இருக்கிறது. போகாத மின்னஞ்சலை போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஐந்து நாள் வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். பட்டியலிலிருந்து நீங்கியதும் வழி திறந்தது, தேங்கியதெல்லாம் புறப்பட்டுப் போய்விட்டது. ஓட்டையை அடைத்து, வரிசையைத் துடைத்து, ஒரு நாள் அமைதியாகப் பார்த்துவிட்டுத்தான் நீக்கக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் சேர்த்துப் பாடம்.

உங்கள் அலுவலகத்துக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சர்வரும் ஊழியர்களின் கணினிகளும் ஒரே பொது ஐபி வழியாகத்தான் வெளியே போகின்றன என்று ஊகிக்கிறேன். அப்படியானால் கணக்குப் பிரிவில் ஒரு மடிக்கணினி நோய்ப்பட்டாலும், விருந்தினர் வைஃபையில் ஒருவருடைய கைப்பேசி சேட்டை செய்தாலும், எக்ஸ்பிஎல்லில் ஏறுவது உங்கள் சர்வரின் முகவரிதான். சர்வரை எத்தனை முறை சலித்தாலும் அதில் ஒன்றும் கிடைக்காது. ஃபயர்வாலில் ஒரு விதி போடுங்கள்: சர்வர்கள் தங்களுக்குள் மின்னஞ்சல் கொடுத்துக்கொள்ளும் 25ஆம் போர்ட் வழியாக வெளியே போகச் சர்வருக்கு மட்டும் அனுமதி. மற்றவர்கள் 587 வழியாகக் கடவுச்சொல் சொல்லிச் சர்வரிடம் கொடுக்கட்டும். தடுத்ததையெல்லாம் லாக் எழுதச் சொல்லுங்கள். எந்த மேசையில் இருக்கும் கணினி முட்டிக்கொண்டிருக்கிறது என்று அந்த லாக்கே காட்டிக்கொடுத்துவிடும். முடிந்தால் சர்வருக்குத் தனி ஐபியே வாங்கிவிடுங்கள்.

பட்டியல்களில் எல்லாம் பச்சை, ஆனாலும் ஜிமெயிலுக்குப் போகவில்லை என்ற புகாரும் ஒரு நாள் வரும். கூகுளும் மைக்ரோசாஃப்டும் தங்களுக்கென்று உள்கணக்கு வைத்திருக்கின்றன. எந்தச் சோதனைப் பக்கமும் அதைக் காட்டாது. கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸிலும் மைக்ரோசாஃப்டின் எஸ்என்டிஎஸ்ஸிலும் பதிவு செய்துகொள்ளுங்கள், இரண்டும் இலவசம். சிறு அலுவலகத்தின் அளவுக்கு அவற்றில் பெரிதாக ஒன்றும் தெரியாமலும் போகலாம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநர்களிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மின்னஞ்சல் உண்மையில் உங்கள் டொமைனுடையதுதான் என்று காட்டும் ஏற்பாடுகள்) கேட்கிறது. நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களிடம் இரண்டையும், அவை தவறினால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கையும் சேர்த்துக் கேட்கிறது. நீங்கள் மூன்றையும் வைத்துவிடுங்கள், அரை நாள் வேலை.

சந்தா விஷயம். ஒரே ஐபிக்கு மாதச் சந்தா வீண். ஐம்பது அறுபது முகவரிகளைப் பார்த்துக்கொள்பவராக இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் எந்தப் பட்டியல் வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்க முடிகிறதா, வந்த எண்ணை அப்படியே காட்டுகிறதா என்ற இரண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நீக்கச் சொல்லிக் கேட்கும்போது நாங்கள் முப்பது ஆண்டு பாரம்பரியமுள்ள நிறுவனம், ஸ்பாம் அனுப்பவே மாட்டோம் என்று எழுதாதீர்கள். இளவயதில் நானும் அப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. என்ன நடந்தது, எதை நிறுத்தினோம், எப்போது நிறுத்தினோம் என்று மூன்று வரி போதும். ஸ்பாம்காப்பில் கேட்கவே வேண்டாம். புகார் வருவது நின்று 24 மணி நேரம் ஆனால் தானாக விலகிவிடும்.

உங்கள் மூன்று சிவப்புகளில் ஒன்று யூசிபுரொடெக்டின் மூன்றாம் நிலையாகவும், இன்னொன்று செத்துப்போன பட்டியலாகவும் இருந்தால் நான் வியக்க மாட்டேன். மூன்றாவது என்ன என்பதுதான் எனக்கும் தெரிய வேண்டும். திரும்பி வந்த விலைப்புள்ளியின் கடைசி நாலு வரியை, வாடிக்கையாளர் பெயரை மறைத்துவிட்டு, இங்கே எழுதுங்கள்.